துருப்பிடிக்க வைக்கும் அண்ணி

எங்கள் அண்ணிக்குச் சம்பளமே துருப்பிடிக்க வைப்பதற்குத்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. போகட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் அண்ணிக்குத் தற்காலிக வேலை. அங்கே ஜோடியாக இரண்டு பழங்காலக் கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றின் குழல் நல்ல பழுப்பு நிறம். மற்றதை முன்பு எவனோ ஒரு மேதாவி பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான்.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரியக்கூடாது. புதுக் கூடம் திறக்கறதுக்குள்ள முடிச்சிட்டா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லை" என்று பெரிய மேடம் சொல்லிவிட்டார். வருடக் கணக்காக 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்பதையே கேட்டுச் சலித்த அண்ணி, அன்று விரித்த குடையோடு வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

அந்தப் பழுப்பு வர்ணம் இல்லை, துரு. குழலுக்கு ஒரு மருந்தைப் பூசி, ஈரக்காற்றில் தொங்கவிட்டுத் துருப்பிடிக்க விட வேண்டும். மேலாக நிற்பதை மெல்லிய கம்பி நாரால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தால்தான் அடியில் நிறம் தங்கும். அருங்காட்சியகத்தில் எந்நேரமும் ஏசி. அந்த உலர்ந்த காற்றில் துருவாவது வருவதாவது. அதனால் அண்ணி அனுமதி வாங்கி, குழலை மட்டும் எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அதோடு எங்கள் சுதந்திரம் போயிற்று. எல்லோரும் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. மூலையில் உட்கார்ந்து, தண்ணீர் தெறிக்காமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். தலையில் எண்ணெய் வைத்தவர்கள் உள்ளே போகவே கூடாது, எண்ணெய் பட்ட இடத்தில் துரு பிடிக்காதாம். "அடுப்புல தண்ணி கொதிக்க வெச்சு உள்ள கொண்டு வெச்சா போதாதா?" என்று அம்மா கேட்டதற்கு, "அவ்வளவு ஆவி வந்தா முத்து முத்தா படிஞ்சு புள்ளி விழுந்துடும் அத்தை. மனுஷங்க குளிக்கிற சூடுதான் பதம்" என்றாள் அண்ணி. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு போனான். அவன் எப்போதும் அப்படித்தான்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் வந்தபோது அப்பா சித்தப்பா வீட்டில் இருந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். துருவைக் கண்டாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். அவர் திரும்பி வந்தபோது, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு ஒருவருமே சொல்லவில்லை. நாங்கள் எவ்வளவு புத்திசாலிகள் பாருங்கள்.

மாலையில் அண்ணி வேலை முடிந்து வந்தாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாகக் குழலை நீட்டினார். "ஏம்மா, இதை இப்படியா ஈரத்துல தொங்கவிடுவாங்க? துருப்பிடிச்சுக் கிடந்துது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் விட்டு வெச்சிருக்கேன். பாரு, முகமே தெரியுது."

முகம் தெரியத்தான் செய்தது. அண்ணியின் முகம், வெளுத்துப்போய். திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அம்மா விஷயத்தைச் சொன்னதும் அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உன் வேலையைக் கெடுத்துட்டேனேம்மா" என்றார்.

அண்ணி குழலை ஒரு பார்வை பார்த்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள். என்ன தோன்றியதோ, களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "எண்ணெயை நான் எடுத்துடறேன் மாமா. நீங்க போய் முதல்ல குளிங்க."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைக் குடித்தனம் என்று சொல்ல முடியாது. ஆவி குறையவே கூடாதென்று ஒருவர் வெளியே வர, அடுத்தவர் உள்ளே போனோம். அண்ணனுக்கு விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது. குழாயைச் சற்று அதிகம் திறந்தாலே சண்டைக்கு வரும் அம்மா, "இன்னும் ரெண்டு வாளி ஊத்திக்கோடி" என்று கதவைத் தட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. "குளிக்கறீங்களா?" என்று துண்டை நீட்டினார். மாடி வீட்டுத் தையற்காரர் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு குளிக்க வந்தார். நடுநடுவே அண்ணி தேய்ப்பதும் பூசுவதுமாக இருந்தாள். செம்மண் நிறமாகத் தொடங்கி, மெல்ல மெல்லப் பழுப்பு ஏறியது. அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். குழலைத் தன்னிடமிருந்தே காப்பாற்றினார் என்று நினைக்கிறேன்.

திறப்பு விழாவன்று குடும்பத்தோடு போனோம். பெரிய மேடம் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது நீ பண்ணினது?" என்று கேட்டார். அண்ணி காட்டினாள். அவர் நம்பாமல் பெட்டியைத் திறந்து, அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "ஒண்ணாம் தேதியிலேருந்து நீ நிரந்தரம்" என்றார். அண்ணி வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

கூட்டம் உள்ளே வந்தது. பெட்டியைப் பார்த்த ஒரு பெண்மணி உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டும் ஒரே துரு. துடைச்சு வைக்கக்கூட ஆள் இல்லை போலிருக்கு."

அப்பா முன்னால் போய் நின்றார். "துடைக்கறது யார் வேணா துடைக்கலாம்மா. நானே துடைச்சேன். திரும்ப இப்படிக் கொண்டுவர என் மருமகளாலதான் முடியும். இதோ நிக்கறா பாருங்க" என்று அண்ணியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

வேலை நிரந்தரம் என்றபோது சிரித்தவள், இதற்குத்தான் அழுதாள்.