ஈஜிபுராவில் நரகத்தின் கதவு

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் வீட்டில் நரகத்தின் கதவு உடையும். உடைப்பவள் என் மகள் ஜெஸ்ஸி. ஆயுதம், இட்லிப் பானையின் மூடியும் ஒரு குழம்புக் கரண்டியும். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் "கதவைத் திற" என்று அவள் கத்தினால் தெருவில் காய் வண்டிக்காரர் நின்று அண்ணாந்து பார்க்கிறார். முதல் தடவை கீழ் வீட்டு ஓனரம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்துவிட்டார். "ஏன்ரீ, மனேலி ஏனாதரு ஜகளானா?" வீட்டில் ஏதாவது சண்டையா என்று கன்னடத்தில் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெஸ்ஸி எட்டிப் பார்த்து, "இல்லா ஆண்ட்டி, நரகத பாகிலு ஒடீதா இதீவி" என்றாள். நரகத்தின் கதவை உடைக்கிறார்களாம்! ஓனரம்மா எங்கள் வாசற்கதவை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம பாகிலு மாத்ர ஒடீபேடி" என்றார். எங்கள் கதவை மட்டும் உடைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

தங்கவயலில் இருக்கும் நீங்களும், என்னைப் போல அங்கிருந்து கிளம்பி வந்தவர்களும் இதைப் படித்தால், நூறு கிலோமீட்டர் வந்ததற்குப் பேர் புலம்பெயர்வா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. எங்கள் தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு, அதாவது கே.ஜி.எஃப்.புக்குப் போனார். சுரங்கம் மூடிய பிறகு நான் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். குடியாத்தத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் நாங்கள், கோலார் பழைய மைசூர் ராஜ்ஜியம் என்பதால், மைசூர்க்காரங்க. சிவாஜிநகரில் நான் ரிசப்ஷனில் உட்காரும் பல் கிளினிக்கில் என் பேர் "கே.ஜி.எஃப். மேடம்". என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை, எப்போது வண்டி வரும் என்றுதான் கேட்பார்கள். ஜெஸ்ஸி மட்டும் இங்கேயே பிறந்தவள். ஊர் கேட்டால் "பெங்களூர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். "அம்மா?" என்று கேட்டால், "அவங்களும்தான்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சண்டை போடவும் முடியாது, வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஜெஸ்ஸி இப்போது ஃபர்ஸ்ட் பி.யூ., நம் பிளஸ் ஒன்தான். அவளும் இரண்டு கூட்டாளிகளும் ஆன்லைனில் பழைய இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறார்கள். சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் மகள் ஆயிஷா ஒருத்தி. இன்னொருவன் அல்சூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன் அனிருத். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து இந்த வகுப்பை நடத்துகிறார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்களில் வருஷத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு தொழில்காரரும் வேதாகமத்திலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொண்டு, வண்டிமேல் மேடை கட்டி, தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போய் நடிப்பார்களாம். ரொட்டி சுடுகிறவர்களுக்கு ஒரு கதை, ஆணி அடிக்கிறவர்களுக்கு ஒரு கதை. ஜனங்கள் அவரவர் தெருமுனையில் காத்து நிற்பார்களாம். "நம்ம அல்சூர் பல்லக்கு மாதிரிதான் ஆண்ட்டி, நாம நின்னா போதும், அதுவே வரும்" என்று அனிருத் ஸ்கிரீனிலிருந்தே எனக்கு விளக்கினான். நல்ல பையன், ஆனால் எதையும் விளக்காமல் விடமாட்டான்.

இந்த மூன்று பேரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நாலு வரியைப் பழைய உச்சரிப்பில் சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு அதையே அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சில், வீட்டாருக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி தமிழில் சொல்வாள், ஆயிஷா தக்னி உருதுவில், அனிருத் பாதி தமிழ் பாதி கன்னடம். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். நரகத்துக்குள் காலங்காலமாக அடைபட்ட ஆத்துமாக்கள், கதவைக் காக்கும் பிசாசு, கதவை உடைத்து உள்ளே இருப்பவர்களை மேலே கொண்டுபோக வரும் ஆண்டவர். ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான். ஆனாலும் ஒரு சனிக்கிழமை பிசாசு "யாரது?" என்று கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள் பாருங்கள், வாரம் முழுக்க எனக்குக் கிளினிக்கில் வேலை ஓடவில்லை. மறுவாரம் கடைசி பேஷண்ட்டை அனுப்பிவிட்டு ஓட்டமாக ஓடி வந்து பஸ் பிடித்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான் போலிருக்கிறது.

ஆண்டவர் வேஷம் ஜெஸ்ஸிக்கு, பிசாசு அனிருத்துக்கு, ஆத்துமா ஆயிஷாவுக்கு. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பார்க்க நேரலையில் நடிக்கும் நாள் ஒன்று இருந்தது. அதில் சில குழுக்களுக்கு மட்டும்தான் இடம். ஜெஸ்ஸிக்கு அந்த இடம் வேண்டும். சாப்பாடு இறங்காத அளவுக்கு வேண்டும். டீச்சர் முன்னால் நடித்துக் காட்டிய அன்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே "லவ்லி, லவ்லி" என்றார். நான் கதவருகே நின்று கை தட்டிவிட்டேன். அழைப்பு முடிந்ததும் பார்த்தால் ஜெஸ்ஸி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள்.

"இன்னாடி, அவங்கதான் நல்லாருக்குன்னாங்களே!"

"மம்மி, அவங்க எல்லாத்துக்கும் லவ்லிதான் சொல்வாங்க. அப்புறம் இன்னா சொன்னாங்க, கேட்டியா? எங்க நரகத்துல யாருமே இல்லையாம். உள்ள இருக்கிறவங்க யாருன்னே தெரியலையாம். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பாப்பாங்களாம். அதுவும் இப்படி இருந்தா அவ்வளவுதான்."

அன்றைக்கே மூன்று பேரும் மறுபடி ஸ்கிரீனில் கூடினார்கள். அனிருத் திடீரென்று துள்ளினான். "ஏய், ஜெஸ்ஸியோட தாத்தா கே.ஜி.எஃப். மைன்ஸ்லதானே இருந்தாரு? நரகத்த மைன்ஸா வெச்சிடலாம்! இருட்டு, புழுதி, ஆழம். பக்கா நரகம்!" ஜெஸ்ஸியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. கையில் இருந்த கரண்டியோடு லேப்டாப் முன்னால் போய் நின்றுவிட்டேன். "எங்கப்பா வேல செஞ்ச எடம் ஒனக்கு நரகமாடா? அந்த எடம்தான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அங்க எறங்கினவங்க பிசாசா? ஒங்கப்பா ஆபீச நரகம்னு வெச்சுக்கோயேன்!" அனிருத் வெலவெலத்துப் போனான். "ஸாரி ஆண்ட்டி, சும்மனே ஒரு ஐடியாதான்" என்றான். ஜெஸ்ஸி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஆயிஷாதான் மெதுவாக, "கோபம் நக்கோ, வேணாம் ஆண்ட்டி" என்றாள். "அங்க எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். பூமி ஒரு உதறு உதறியது. அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடி, ஒரு டம்ளர் உருண்டு என் காலடிக்கு வந்தது. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீடுகளுக்குத் தெரியும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எல்லா லைன்களிலிருந்தும் பெண்கள் நடந்து வருகிறார்கள். சுரங்க வாசலில் எல்லோரும் நின்றோம். அப்பா அன்றைக்குக் கீழே. அழுகைச் சத்தம் கூட இல்லை; இரும்புக் கயிறு அசைகிறதா என்று எல்லோரும் அண்ணாந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமோ. திடீரென்று மணி அடித்தது. சக்கரம் சுற்றியது. கூண்டு மேலே வர வர, "வந்துட்டாங்கோ! வந்துட்டாங்கோ!" என்று ஒரே கூச்சல். கூண்டிலிருந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம், புழுதி அப்பிய முகம். நான் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அது அப்பா இல்லை. யாரோ ஒருவர். அவர் என்னை விலக்கவில்லை. என் தலையில் கையை வைத்து, "ஒங்கப்பன் அடுத்த கூண்டுல வரான் கண்ணு" என்றார். அவர் சொன்னபடியே அப்பா வந்தார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு இந்த வயதிலும் வார்த்தை இல்லை.

"நரகம் கீழ இல்லடா அனிருத்" என்றேன். "மேல இருந்துச்சு. நாங்க நின்னோமே, அங்க."

ஸ்கிரீனில் இரண்டு பேரும் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். ஜெஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் மம்மி இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல?" "நீ கேட்டியா?" என்றேன். அடுத்த நிமிஷம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், அப்பப்பா! பழைய வரிகளில் ஒரு எழுத்தைக் கூட மாற்ற வேண்டாம். நரகத்தைக் காட்டவே வேண்டாம். காமிராவைத் தரையில் வைத்து மேலே பார்க்க வைப்போம். கதவு உடைவது கீழேயிருந்து சத்தமாக மட்டும் கேட்கட்டும். மேலே காத்து நிற்கிறவர்கள் முகம்தான் தெரிய வேண்டும். "காத்து நிக்க ஆள் வேணுமே" என்றான் அனிருத். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "வசனம் ஒண்ணும் கெடையாது ஆண்ட்டி, சும்மா நின்னா போதும்." எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் மறுபடி பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெறும் "யெஸ்" என்று ஒரு சொல். அவ்வளவுதானா என்று நான் ஸ்கிரீன் பக்கம் குனிந்தேன். ஜெஸ்ஸியோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். "மம்மி, லவ்லி சொல்லல! லவ்லி சொல்லவே இல்ல!"

நேரலை நாளில் ஸ்கிரீன் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ. அனிருத்தின் பிசாசு உறுமினான். ஜெஸ்ஸி கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆண்டவரின் வரிகளை அந்தப் பழைய கரகரத்த இங்கிலீஷில் கீழேயிருந்து எழுப்பினாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருப்பது எங்கள் சீலிங் ஃபேன்தான். ஆனால் என் கண்ணுக்குச் சக்கரம் சுற்றியது. இட்லி மூடி அதிர்ந்தது. ஆயிஷாவின் கட்டத்தில் அவள் கையும் பிறகு தலையும் இருட்டிலிருந்து மெல்ல மேலே வந்தன. எனக்கு வசனம் இல்லை என்பதே மறந்துவிட்டது. "வந்துட்டாங்கோ! ஏ, வந்துட்டாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று வாயைப் பொத்தினேன். கட்டங்களில் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது, யாரும் அர்த்தமும் கேட்கவில்லை.

கை தட்டல் அடங்கியதும் முகமெல்லாம் மச்சமாக ஒரு பையன், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டான். வருஷக்கணக்காகப் பழகிய வாய், "பெங்களூர்" என்றேன். அதே நொடியில் என் பக்கத்தில் எழுந்து நின்ற ஜெஸ்ஸி, "கே.ஜி.எஃப்." என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மச்சக்காரப் பையன் குழம்பிப்போய், இரண்டில் எது என்று கேட்டான். அதற்குள் எங்கள் வாசற்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். "ஏன்ரீ! பாகிலு ஒடெதோய்தா?" கதவு உடைந்துபோய்விட்டதா என்று கேட்கிறார் ஓனரம்மா. நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துப் பிள்ளைகள் மறுபடி கை தட்டினார்கள். யார் போய்த் திறப்பது என்று நானும் ஜெஸ்ஸியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்கிரீனில் அந்தப் பையன் எங்கள் பதிலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.