சோதனை ஸ்டேஷனில் ஒரு கைக்குழந்தை

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் வரும் ரயிலில் நடந்தது இது. கல்யாணமாகி விழுப்புரத்துக்குக் குடித்தனம் வந்த புதிது எனக்கு. கணவருக்கு அரசாங்க உத்தியோகம். பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு மதிய ரயிலில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

இன்று விழுப்புரத்துப் பிள்ளைகள் கடற்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட பைக்கில் பாண்டிக்குப் போய்விட்டுப் பொழுதோடு வீடு திரும்புகிறார்கள். அன்று அது வேறு தேசம். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. கடைத்தெருவில் சீமை சென்ட்டும் கைக்கடிகாரமும் கொள்ளை மலிவு. ஆனால் வாங்கியதை நம் பக்கம் கொண்டுவர முடியாது. வில்லியனூரைத் தாண்டியதும் சின்னபாபுசமுத்திரத்தில் ரயிலை நிறுத்தி, எல்லாரையும் மூட்டை முடிச்சோடு இறக்கிச் சோதனை போடுவார்கள்.

"ஒரு ஊசிகூட வாங்கிக்கினு வராத. மாட்டினா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க" என்று கணவர் சொல்லித்தான் அனுப்பினார். அக்கா ஆசையாகக் கொடுத்த வாசனை சோப்பைக்கூட வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு உத்தமி நான்!

பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஊர், பேர் எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள். வில்லியனூரில் வண்டி நின்றதும் எழுந்தாள்.

"புள்ளய கொஞ்சம் வச்சிக்கினு இருங்க. தண்ணி புடிச்சிக்கினு ஓடியாந்துர்றேன்."

ரயிலில் யார் குழந்தையை நீட்டினாலும் மடியில் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வாங்கிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. அவள் வரவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன்.

குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பழம்புடவைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து என் கைக்கு ஏதோ துடிப்பு தெரிந்தது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு என்று முதலில் நினைத்தேன். அது அவ்வளவு சீராக இருக்கவே, துணியை அழுத்திப் பார்த்தேன். வட்டமாக, கெட்டியாக, வரிசையாகத் தட்டுப்பட்டன. அத்தனையும் கைக்கடிகாரம்.

கடிகாரங்களை அவிழ்த்து ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமென்றால் பெட்டி நிறைய ஆட்கள். குழந்தையைப் பலகையிலேயே கிடத்திவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதுவோ என் முந்தானையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்குள் சின்னபாபுசமுத்திரம் வந்துவிட்டது.

பெண்களைச் சோதிக்கத் தட்டி கட்டிய ஓர் அறை. உள்ளே நடுத்தர வயது அம்மாள் ஒருவர் இருந்தார். என் முறை வந்தது. அந்த அம்மாள் குழந்தையின் இடுப்பில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"இன்னாம்மா இது?"

"என் குழந்தை இல்லைங்க. ஒருத்தங்க வச்சிக்கச் சொல்லிட்டுப் போனாங்க" என்றேன். எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

"மாட்டிக்கினா எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை பசியில் வீறிட்டு அழ ஆரம்பித்தது. அம்மாள் கிட்டே வந்து என் கழுத்துக் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். மஞ்சள்கூட மங்காத புதுக் கயிறு.

"தாலி இன்னும் பிரிச்சிக் கோக்கலயா?"

"இல்லைங்க. அடுத்த மாசந்தான் நாள் பார்த்திருக்காங்க."

எங்கள் பக்கம் கல்யாணமான சில மாதங்களில் தாலியைப் பிரித்துப் பொன்மணிகளோடு வேறு கயிற்றில் கோப்பார்கள். எனக்கு அதுவே நடக்கவில்லை. குழந்தைக்கோ பல் முளைத்திருந்தது. அம்மாள் வெளியே போய் அதிகாரியிடம், "ஏமாந்த பொண்ணாட்டம்தான் கீதுங்க" என்று சொன்னது காதில் விழுந்தது.

அதிகாரி அசையவில்லை. "ரெண்டு பேரும் கூட்டாளியா இருக்கலாம். உட்கார வை. வீட்டுக்காரர் யார், எங்கே வேலைன்னு கேளு" என்றார். கணவர் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவர் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என்னை விடமாட்டார்கள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் அழுகிற குழந்தையோடு உட்கார வைத்தார்கள். ஜனங்கள் திரும்ப ஏறிக்கொண்டிருந்தார்கள். கார்டு விசில் ஊதினார். வண்டி போய்விடும், நானும் இந்தக் குழந்தையும் போலீஸ் கையில்தான் என்று நினைத்தபோது எனக்கு அழக்கூட வரவில்லை.

அப்போது கடைசிப் பெட்டியிலிருந்து ஒருத்தி குதித்து ஓடி வந்தாள். அவளேதான். வெறுங்கையோடு சோதனையைத் தாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவள். இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

"எம் புள்ளதாங்க. குடுங்க, அதுக்குப் பசி தாங்காது" என்றாள். அதிகாரியைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் அவங்க மடியில போட்டுட்டுப் போனேன்" என்றாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். வயிற்றுத் துணியை அவிழ்த்து அவர்கள் கடிகாரங்களை எடுத்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் என் முதுகில் தட்டி, "ஜல்தி ஏறும்மா" என்று வண்டியில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பல வருஷம் அவளைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஏமாந்த முகம் என்று பார்த்துத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தாள்! எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான், அந்த அழுகையை வண்டிக்குள் உட்கார்ந்து கேட்ட அவளுடைய பயம் என் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று புரிந்தது. அவள் செய்தது அநியாயம் என்பதை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே இறங்கி ஓடி வந்தாளே, அந்தத் தாயை நினைத்தால் கோபத்தை மீறிக் கண் கலங்கிவிடுகிறது.