மிஸ் வெல்மா உட்காரப் போகிறார்

வேனின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டே, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார் மிஸ் வெல்மா. "சாப்ட்டியா?" இல்லை என்றால் மடியில் ஒரு பொட்டலம் விழும், ரொட்டிக்கு நடுவே வறுத்த கோழி. ஆம் என்றாலும் விழும். "வெறும் வயித்தோட போனா வாய் குளறும். வாய் குளறுனா ஜட்ஜு பொய் சொல்றேன்னு நெனச்சுக்குவாரு. கடிச்சுத் தின்னு."

செவ்வாய்க்கிழமைதோறும் இந்த வேன் எங்கள் மேற்குப் பகுதியிலிருந்து பாலம் தாண்டி நீதிமன்றத்துக்குப் போகிறது. உள்ளே இருப்பவர்கள் கொலைகாரர்கள் இல்லை. கடை வாசலில் நின்றவர்கள், காரில் பாட்டைச் சத்தமாக வைத்தவர்கள், பின்விளக்கு எரியாமல் ஓட்டியவர்கள். ஆற்றுக்குக் கிழக்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதைச் செய்தால், "வீட்டுக்குப் போப்பா" என்பதோடு முடிந்துவிடும். எங்கள் கறுப்புப் பிள்ளைகள் செய்தால் வழக்கு. எனக்கு இதைச் சொல்லும்போதே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மிஸ் வெல்மாவுக்கு வேனை எடுக்கத் தோன்றியது.

அவர் வக்கீல் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், முழுப்பெயர் வெல்மா ப்ருவிட். எழுபதை நெருங்குகிறார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வளைவில் அவர் வேனைத் திருப்புகிற திருப்பில், சர்ச் பக்கமே போகாதவர்கள்கூட இயேசுவைக் கூப்பிடுகிறார்கள்.

நீதிமன்றத்தில் அவர் செய்கிற வேலை உட்காருவது. மூன்றாவது பெஞ்சின் நடுவில், நீதிபதியின் கண்ணில் படும்படி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது. எங்கள் ஆட்களின் பெயர்களைக் கூப்பிட்டு முடிக்கும்வரை நகர மாட்டார். "ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா எல்லாரும் கொஞ்சம் ஒழுங்கா நடந்துக்குவாங்க. ஏன், நானே அப்பிடித்தான்" என்பார்.

இந்த உட்காருதலுக்கு நாங்கள்தான் நிதி கொடுக்கிறோம். நகரத்தின் பெரிய அறக்கட்டளை ஒன்று, இன நீதிக்காக அக்கம்பக்கத்தில் நடக்கிற சின்னச் சின்ன முயற்சிகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, யாருக்குக் கொடுப்பது என்பதை எங்கள் தெருக்காரர்களிடமே விட்டுவிட்டது. அதற்கான எங்கள் குழு கூடுவது ஞாயிறு மதியம், என் சலூனில். கேட்டு வருபவர்களை முடிவெட்டும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்போம். சுவரில் எங்கள் முன்னோர்களை வரைய வந்தவர்கள் உண்டு. கறுப்புப் பிள்ளைகளின் சடையைத் தடுக்கும் பள்ளி விதியை எதிர்க்க வந்தவர்கள் உண்டு. மிஸ் வெல்மாவும் வந்து ஏறி உட்கார்ந்தார். குழுவின் தலைவி ரோஸலிண்ட் பீஸ்லி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்.

"நிதி குடுத்தா என்ன செய்வ, வெல்மா?"

"உக்காருவேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சு வருவேன். ஏப்பா கிளைட், இந்த நாற்காலி சுத்துமா?"

சுற்றிவிட்டேன். பெட்ரோலுக்கும் கோழிக்கும் நிதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: நீதிமன்றம் அவரை வெளியேற்றினால் நிதி நின்றுவிடும்.

நிபந்தனை சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் மிஸ் வெல்மாவின் வாய் சர்ச்சில் வளர்ந்த வாய். எங்கள் சர்ச்சில் போதகர் ஒன்று சொன்னால் பெஞ்சிலிருந்து ஒன்று திரும்பிப் போகும்: "ஆமா!" "சொல்லுங்க!" சாட்சி சொல்ல எழுந்தவர் தொண்டை அடைத்து நின்றுவிட்டால், நாலு பக்கமிருந்தும் குரல் வரும்: "மெதுவா சொல்லு, நேரமிருக்கு." அப்படிச் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

வசந்தத்தில் ஒருநாள் அரசு வக்கீல் எழுந்து, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். மூன்றாவது பெஞ்சிலிருந்து "ம்ஹூம்!" என்று ஒரு சத்தம். அறையே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. இன்னொரு முறை வாய் திறந்தால் இந்த அறைக்குள் கால் வைக்க முடியாது என்றார்.

ரோஸலிண்ட் அன்று மாலையே சலூனுக்கு வந்து சத்தம் போட்டார். "நீ ஒரு வார்த்தை பேசுனா வேன் நின்னுரும், வெல்மா. இந்தப் பிள்ளைங்க தனியாப் போய் நிக்கும். அதான் வேணுமா?"

"நான் எங்க பேசுனேன்? அது தானா வந்துச்சு."

அதற்குப் பிறகு, உதடுகளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு நானும் கூடப் போயிருந்தேன். மார்க்விஸின் வழக்கு. என்னிடம் முடிவெட்டிக்கொள்கிற பையன், கூச்ச சுபாவி. அடுத்த மாதம் நகரப் பேருந்தில் ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர வேண்டியவன். தண்டனை என்று ஒன்று பதிவானால் அந்த வேலை போய்விடும். மருந்துக்கடை வாசலில் நின்றான், போலீஸ்காரர் நகரச் சொல்லியும் நகரவில்லை என்பது குற்றச்சாட்டு.

"ஏன் நகரல?" என்று கேட்டார் நீதிபதி. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர்.

"சார், எங்கம்மா..." என்றான் மார்க்விஸ். அதற்குமேல் வரவில்லை.

"அவ்வளவுதானா?" நீதிபதியின் கை பேனாவுக்குப் போனது.

என் பக்கத்தில் இரண்டு விரல்கள் உதட்டை விட்டன.

"மெதுவா சொல்லு ராசா. நேரமிருக்கு."

நீதிபதி நிமிர்ந்தார். "அம்மா, வெளிய போங்க. இனிமே இந்த அறைக்குள்ள வரக் கூடாது." காவலர் நெருங்குவதற்குள் மிஸ் வெல்மா எழுந்துவிட்டார். "நானே போறேம்பா. கையப் பிடிக்காத, சட்டை கசங்கும்." கதவு சாத்திக்கொண்டது. ரோஸலிண்டிடம் என்ன சொல்வது? அடுத்த வாரம் யாருடைய பெட்ரோலில் இவர்கள் வருவார்கள்?

மார்க்விஸ் மூச்சை இழுத்துவிட்டான்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார். மருந்து வாங்க உள்ள போயிருந்தாங்க. வெளிய வந்தா, நான் நின்ன எடத்துலதான் தேடுவாங்க. நான் நகந்துட்டா அவங்க நேரா ரோட்டுக்கு வந்துருவாங்க. அவருகிட்டச் சொன்னேன். அவரு கேக்கல."

நீதிபதி போலீஸ்காரரைப் பார்த்தார். "சொன்னானா?"

"ஏதோ சொன்னான் சார். நான் சரியாக் கவனிக்கல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வழக்குத் தள்ளுபடி.

நான் ஓடாத குறையாக வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் மிஸ் வெல்மா, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீதிமன்றத்தின் இரட்டைக் கதவில் சாத்திக்கிடந்த பாதியோடு காதை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"மிஸ் வெல்மா, பையன ஜட்ஜு..." என்று ஆரம்பித்தேன்.

கதவிலிருந்து காதை எடுக்காமலே, கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். "ஷ்ஷ். அடுத்த பேரக் கூப்புடுறாங்க."