ஆசிட் இல்லாத ஏழாம் நம்பர் அறை

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். லாட்ஜில் பாத்ரூம் கழுவுகிற நாங்கள், அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போன அறையைப் பார்த்து வாயைப் பிளப்போம்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, சுவரில் சாய்ந்து போன் பேசி, அதே காலோடு அறையைச் சுற்றி வருவார்கள். பிரஷ் பிடித்த கைகளுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், பன்னிரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜில் துப்புரவு வேலையை மேற்பார்க்கிறவள் நான். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே ஒரே ஆள், வடகரை இசக்கியம்மாள். அவள் ஓர் அறை கழுவினால் நான் ஓர் அறை கழுவுவேன்.

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்கள் நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கால் பாத்ரூமுக்குள், ஒரு கால் வெளியே. முந்தானை மூக்கில். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்க வேண்டும். கதவை மட்டும் சாத்தவே மாட்டோம். ஐயப்ப சாமிகள் வந்து போன தை மாதம், ஏழாம் நம்பர் அறையின் கறை ஆசிட்டுக்கும் அசையவில்லை என்று, இசக்கி அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டாள். அவை இரண்டும் சேரவே கூடாது. கிளம்பிய நெடியில் அவள் தடுமாறினாள், கதவும் காற்றில் சாத்திக்கொண்டது. நான் திறந்தபோது சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. இனி ஆசிட் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். முதலாளி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் கறையோடு ரூம் கொடுக்கவும் முடியாது, விலை கூடிய சாமான் வாங்கவும் மனசு வராது. "ஆசிட் இல்லாம, செலவும் கூடாமக் கழுவ முடியும்னா கழுவட்டும். சாரல் சீசன் முடியுத வரைக்கும் பாப்பேன். இல்லன்னா வேற ஆளுதாம் பாக்கணும், தாயி" என்றார்.

சர்பத் கடைக் குப்பை

பூந்திக்கொட்டையும் அரப்பும் தலை எண்ணெயை எடுக்கும்போது தரை எண்ணெயை எடுக்காதா என்று முதலில் கேட்டவள் இசக்கிதான். கறைக்கு வழி போனில் ஒரு வீடியோவில் கிடைத்தது. எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு மூன்று மாதம் புளிக்க வைக்க வேண்டும். தோலுக்கு அலைய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சர்பத் கடையில் புளியங்குடி எலுமிச்சையை மூட்டை மூட்டையாகப் பிழிந்து தோலைக் குப்பையில் கொட்டுவார்கள். தினமும் வாளியோடு போய் நின்றோம்.

நான்காம் நாள் கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் எதற்கு என்று கேட்டார். பாத்ரூம் கழுவ என்றேன். கையிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழத்த நான் வித்துருதேன், தோல நீங்க கொண்டு போறீய. வெத மட்டும் ஏன் கெடக்கு? அதையும் அள்ளிட்டுப் போயி ஒரு தோப்பு போட்டுருங்க!"

அடுப்பங்கரையில் வெடிச்சத்தம்

கரைசல் பாட்டில்களை என் வீட்டு அடுப்பங்கரையில் அடுக்கியிருந்தேன். உள்ளே காற்று சேரும் என்பதால் தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். கடையத்தில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஐந்து நாள் போனவள், மூடி விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் போலீஸ் ஏட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது ஒரு பாட்டில் வெடித்திருக்கிறது. மனிதர் லத்தியோடு அடுப்பங்கரைக்குள் பாய்ந்திருக்கிறார்.

மறுநாள் நான் வந்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். எங்கள் போர் தண்ணீரின் உப்பு, குழாயில் வருஷக்கணக்காக வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. சுரண்டினாலும் வராது. முந்தின நாள் வெடித்த தோல் அதில் ஒட்டி ஊறியிருந்தது. விரலால் தள்ளினேன். உப்பு, நனைந்த சுண்ணாம்பாக வழுக்கிக்கொண்டு போனது. குழாயில் என் முகம் தெரிந்தது. குப்பைக்குப் போக வேண்டிய தோலுக்குள் இப்படி ஒரு சக்தியா! அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெடிச்ச வெடிக்குக் கேஸ் போடணும்னு இருந்தேன். கொழாயப் பாத்தா மெடல் குடுக்கணும் போலருக்கே!"

மூலிகைக் குளியல்

ஆனியில் சாரல் விழுந்தது. அறைகள் நிரம்பின. மதுரைக்காரர் ஒருவர் அருவிக்குப் போயிருந்த நேரம், அவர் பாத்ரூமில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அரப்பைக் கரைத்து, எலுமிச்சைக் கரைசலும் விட்டு ஒரு வாளி நிறைய வைத்துவிட்டு, இசக்கி பிரஷ் எடுக்க வந்தாள். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மொண்டு ஊற்றும் சத்தம்.

நாங்கள் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். கக்கூஸ் கழுவ வைத்த வாளி அது! மனிதர் தலையைத் துவட்டிக்கொண்டே பளபளவென்று வெளியே வந்தார். "முப்பது வருசமா குற்றாலம் வர்றேன், ஒரு லாட்ஜுலயும் மூலிகைத் தண்ணி வச்சுக் குடுத்ததில்லம்மா. கண்ணு மட்டும் கொஞ்சம் எரியுது. வீட்டுக்கு ரெண்டு பாட்டில் கிடைக்குமா?"

சாத்திய கதவு

ஆடி முடிந்தது. அண்ணாச்சி சொன்ன கெடுவும் முடிந்தது. ஏழாம் நம்பரில் பதினாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் எண்ணெய்க் குளியல் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. தரையில் கால் வைக்க முடியாது. "அதையே கழுவட்டும், பாப்போம்" என்றார் அண்ணாச்சி. இசக்கி அரப்பைத் தூவியதும் எண்ணெயை அது குடித்த வேகத்தை நானே நின்று பார்த்தேன். பிறகு அவளை விட்டுவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன்.

அவரோடு திரும்பி வந்தால் பாத்ரூம் கதவு சாத்தியிருக்கிறது. உள்தாழ்ப்பாள். எனக்குத் தை மாதம் கண்முன் வந்துவிட்டது. "ஏட்டி இசக்கி!" என்று தட்டினேன். பதில் இல்லை. அண்ணாச்சி கதவை இடிக்கத் தோளைக் கொடுக்கப் போனபோது தாழ்ப்பாள் விலகியது. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து தேய்த்தவள், குழாயை அடைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்த டைல்ஸ், நீலம். நல்ல ஆகாச நீலம். செருப்பில்லாமல் எந்தப் பாத்ரூமுக்குள்ளும் நுழையாத அண்ணாச்சி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குதிகாலால் தேய்த்துப் பார்த்தார். "நாந்தான் வாங்கிப் போட்டேன், எனக்கே மறந்து போச்சே" என்று முணுமுணுத்தார். வெளியே வரும்போது, "இனிமே ஆசிட் வாங்க வேண்டாம். இவ இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதுக்குட்டி கதவைச் சாத்தினே, உசிரே போயிட்டு என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சிரித்தாள். "இத்தன வருசமா ஒரு காலு வெளியேயே நின்னுச்சுக்கா. சாத்திக்கிட்டா உள்ள மூச்சு வருதான்னு பாத்தேன். வருதுக்கா."

கரைசலை வீட்டிலேயே செய்வதில் என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி ஆசிட் செலவு என்பார், நான் இசக்கி என்பேன், என் வீட்டுக்காரர் மட்டும் அடுப்பங்கரைக் கூரையில் எலுமிச்சைத் தோல் இன்னும் மிச்சமிருக்கிறது என்பார்.