சாச்சியின் பாயும் நான் அவிழ்த்த சீட்டும்

பாதி தபால் அட்டை அளவுக்கு ஒரு பழுப்புச் சீட்டு. மூலையில் துளை, துளையில் சணல் நூல். அதில் வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் மூன்று வரிகள் இருக்கும்: பொருள் யாருடையது, எந்த ஊர், திரும்ப யார் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் விழாவுக்கு வரும் ஓலைப்பெட்டி, வாழைநார்ப் பை, கோரைப்பாய் எதுவானாலும் முதலில் அந்தச் சீட்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எழுதியவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர் அக்கா.

ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் மூன்று நாள் நடக்கும் கைவினை விழா அது. பனை, வாழை, கோரை, தென்னை, பருத்தி என்று இயற்கை நார்களை வைத்து வேலை செய்கிறவர்கள் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். தொண்டர்களாகிய எங்களுக்கு மேடை கிடையாது. நார் ஊறப்போடத் தண்ணீர் சுமப்போம். தறியை விட்டு எழ முடியாதவர்களுக்குத் தேநீர் கொண்டுபோவோம். காணாமல் போன செருப்பைத் தேடுவோம். நான் அப்போது ஜங்ஷனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பேச்சுகள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கண்காட்சி அறையை அக்கா என் பொறுப்பில் விட்டார். அவர் சீட்டு கட்டுவதைப் பார்த்து, "அக்கா நம்ம எல்லாருக்கும் முத்திரை குத்தித்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஆண்டு கண்காட்சி அறையின் நடுமேசையில் நாங்கள் சின்னம்மா முறையில் சாச்சி என்று அழைக்கும் பத்தமடை நெசவாளர் நெய்த பட்டுப்பாய் இருந்தது. கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, முடி மாதிரிக் கீறி, ஐந்து மாதம் உட்கார்ந்து நெய்தது. சேலையைப் போல மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். டவுணில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்காக, பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் சேர்த்து நெய்யப்பட்ட பாய். திங்கட்கிழமை காலை முகூர்த்தம். விழாவோ ஞாயிறு மதியம்தான் முடிகிறது. சாச்சி பாயை விழாவுக்குத் தரத் தயங்கினார். அக்காதான் வாக்குக் கொடுத்தார்: "ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பாய் ஒங்க கையில இருக்கும் மைனி. நான் சொல்லுதேன்லா." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சாச்சி இசைந்தார். ஒருவரையொருவர் அண்ணி முறைவைத்து மைனி என்று அழைத்துக்கொள்கிற பழக்கம் அவர்களுடையது. அக்கா பத்தமடையில் வேலை பார்த்த காலத்தில், வளைகுடாவிலிருந்து சாச்சியின் கணவர் எழுதும் கடிதங்களை வாசித்துக் காட்டியதும், சாச்சி சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் அக்காதான். ஒரு வீட்டின் அந்தரங்கம் முழுக்கத் தெரிந்தும் ஒரு சொல் வெளியே விடாதவர்.

ஞாயிறு காலை ஒருவர் படம் எடுக்க வந்தார். "இந்தச் சீட்டெல்லாம் தொங்குனா படம் நல்லா வராதே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கைப்பைக்குள் போட்டேன். படம் எடுத்து முடிந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். படம் முடிவதற்குள் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது. ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைச் சுருட்டி வேன்களில் ஏற்றினார்கள். நானும் ஓடி ஓடி ஏற்றினேன். மழை விட்டபோது நடுமேசை காலியாக இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "சீட்டு எங்க?" என்று மட்டும் கேட்டார். கைப்பையைத் திறந்து காட்டினேன். உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அடுத்த நொடி போனை எடுத்து ஒவ்வொரு வேன்காரராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன வாழைநார்க் குழுவின் வேன் ஒன்றுதான் எடுக்கவில்லை. என் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் தூறல். பின்னால் அமர்ந்து அக்கா, "பைய போ, பைய போ" என்பார். கொஞ்ச தூரத்தில் "இன்னும் கொஞ்சம் வெரசா போயேன்" என்பார். மணி ஒன்றரை, இரண்டு என்று நேரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாய் அங்கேதான் இருந்தது. நார் உரிக்கிற கொட்டகையில், ஈரமான வாழைப்பட்டைகளுக்கு அடியில். குழுவின் பெண்கள் பதறிப்போய் எடுத்துக் கொடுத்தார்கள். மடிப்பைப் பிரித்தோம். மணப்பெண்ணின் பெயர் மேல், உள்ளங்கை அகலத்துக்கு வாழைக்கறை ஊறியிருந்தது. துணியில் பட்டாலே போகாத கறை. கோரையிலிருந்து எப்படிப் போகும்? ஒரு பெண் எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினாள். அக்கா தடுத்துவிட்டார். "தேய்ச்சா சாயமும் போயிரும்மா. விடு."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குத் திரும்பினோம். சாச்சியும், பாயை வாங்கிப்போவதற்காக மணப்பெண்ணின் அண்ணனும், விழாக் குழுவினரும் நின்றிருந்தார்கள். அந்தப் பையன் பாயைப் பிரித்துப் பார்த்தான். சத்தம் போடவில்லை. "இத எப்படிம்மா மணவறையில விரிக்க? தங்கச்சி பேரு மேலயே கறையா இருக்கே" என்று சொல்லிப் பாயைச் சாச்சியின் கையிலேயே வைத்துவிட்டுப் போனான். அவன் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சீட்டு ஏன் இல்லை, யார் அவிழ்த்தது என்று குழுச் செயலாளர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "நான்தான் அவுத்தேன். படம் எடுக்கணும்னாங்க" என்றார் அக்கா. நான் வாயைத் திறந்தேனா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. திறக்கப் போனேன் என்றுதான் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சாச்சி அக்காவைப் பார்த்து, "ஒங்க வார்த்தைய நம்பித்தான மைனி குடுத்தேன்" என்றார். சாச்சி பாயை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் வண்டி வேண்டாமென்று பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் அக்கா பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்குக் குழு என்னைத் தேர்ந்தெடுத்தது. அதையும் நான் வாங்கிக்கொண்டேன். எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. விழா பெரிதாகிவிட்டது, தொண்டர்களும் பெருகிவிட்டார்கள். என்னை எல்லோரும் சுறுசுறுப்பு என்கிறார்கள். விழா நாட்களில் எந்த அறையிலும் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, அது இறுகியிருக்கிறதா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பேன். அது சுறுசுறுப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவின் கணவர் இறந்தபோது துக்கத்துக்கு அவர் ஊரான முக்கூடலுக்குப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அக்காவின் கண்ணைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இந்த ஆண்டு, சாச்சியை எப்படியாவது மறுபடி அழைத்து வர வேண்டுமென்று குழு முடிவுசெய்து, பேசும் வேலையை என்னிடம் கொடுத்தது. போன் செய்தேன். "அந்தப் போஸ்ட்மாஸ்டர் வாக்கு தவறுன எடத்துக்கு நான் வரமாட்டேன் பிள்ள. நீ நல்ல பிள்ள, ஒன்னய ஒண்ணும் சொல்லல" என்றார் சாச்சி. நல்ல பிள்ளை. அன்று அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நாலு தடவை தப்பாக நிரப்பினேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பத்தமடைக்குப் போனேன்.

சாச்சி தறியில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்ற பயம். கோரையைக் கோத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவுத்தது நீயா?"

"ஆமா சாச்சி. அக்கா எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாங்க."

சாச்சி கையிலிருந்த கோரையைக் கீழே வைத்தார். "எட்டு வருசம் பிள்ள. அவ வீட்டுக்காரர் மௌத்தானப்பகூட நான் போகல. போகக் கெளம்பி, வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்." பிறகு எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டார். "வண்டி இருக்கா? எடு."

சேரன்மகாதேவியில் ஆற்றைக் கடந்து முக்கூடல் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த அக்கா, எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"எதுக்கு மைனி எங்கிட்ட பொய் சொன்னீங்க?" என்றார் சாச்சி. வாசல்படியில் நின்றபடி, கோபமாகத்தான் கேட்டார்.

"வாக்குக் குடுத்தது நான்தான மைனி. அவுத்தது யாரா இருந்தா என்ன?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ ரெண்டு நாளுல ஒங்ககிட்ட வந்து சொல்லிருவான்னு நெனச்சேன்."

அதில் குத்தல் இல்லை. எதிர்பார்த்த கடிதம் வரவில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அவர் எனக்காகப் பொறுக்க நினைத்தது எட்டு ஆண்டுகள் அல்ல, இரண்டே நாட்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீதி நாட்களெல்லாம் நானாக எடுத்துக்கொண்டவை. நான் ஏதோ சொல்லப் போனேன். சாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "நீ போ பிள்ள. நான் பஸ்ல வந்துக்கிடுதேன்." இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்படவில்லை, ஆனாலும் என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தெருவில் நின்ற என் காதில் சாச்சியின் அழுகை விழுந்தது. அதற்கு அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், ஆற்றுப்பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் குழுச் செயலாளரைக் கூப்பிட்டேன். சாச்சி வர ஒப்புக்கொண்டாரா என்று கேட்டார். தெரியாது என்றேன், வேறு ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். "சாயங்காலம் கூட்டம் இருக்கே, அதுல சொல்லலாமே" என்றார். சாயங்காலம்வரை இந்தத் துணிச்சல் இருக்குமென்று என்னை நான் நம்பவில்லை. லாரிகள் கடந்துபோகிற இரைச்சலில், அவருக்குக் கேட்பதற்காக உரக்க, பாலத்தின் மேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.