நேரில் பார்த்து வாங்கிய முத்து

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத் துறையில் வத்தை என்கிற பாய்ப்படகில் ஏறினேன். மன்னாருக்கு ஆளுக்கு ஒன்றரை ரூபாய். என்னைப் புறப்பட வைத்தது வியாபாரம் அல்ல, வெட்கம். கன்னாதிட்டியில் எனக்கு ஒரு சிறிய நகைக்கடை உண்டு. முத்து வாங்க வருகிறவர்களிடம் "கொண்டச்சிக் கரையில் நேரில் பார்த்து வாங்கினது" என்று சொல்வது இருபது வருட வாடிக்கை. உண்மையில் என் முத்தெல்லாம் தரகர் கொண்டுவரும் பொட்டலத்தில் இருந்து வந்தவை. முத்துக்குளிப்பு நடக்கும் கொண்டச்சி மண்ணை நான் மிதித்ததே இல்லை.

என் பொய்யைப் பிடித்துக்கொண்டவர் ஒரு பிறக்கிராசியாரின், அதாவது வழக்கறிஞரின், மனைவி. கணவரின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டே புத்தி கூர்மையானவர். மகளின் தோட்டுக்கு ஒரு சோடி முத்துக் கேட்டு வந்தார். நானும் வழக்கமான பாட்டைப் பாடினேன். "அங்கை குடிக்கத் தண்ணி எங்கை எடுக்கிறவை?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் விழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, இந்த முறையாவது போய்ப் பார்த்து வாங்கி வரச் சொன்னார்.

காற்று ஒத்துழைக்காததால் மன்னார் சேர ஞாயிறு மாலை நான்கு மணி ஆகிவிட்டது. ஊரில் மனிதரைவிடக் கழுதைகள் நிதானமாக நடந்தன. மறுநாள் விடியற்காலையில் தோணியில் அக்கரை போய், உயிலங்குளத்துக் கந்தையாவின் மாட்டு வண்டியை இரண்டு ரூபாய்க்குப் பேசினேன். இருபது மைல் என்றார். அறுவடை முடிந்ததும் வண்டியை முத்துக்குளிப்புக்கு ஓட்டுவது அவருக்கு வருடாந்த வேலையாம். போகிறவர்கள் வழி முழுக்கக் கதைப்பார்கள், திரும்புகிறவர்கள் கதைப்பதில்லை என்றார். கரைக்கு இரண்டு மைல் இருக்கும்போதே மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வேலிக்குள் குவித்துச் சிப்பியை அழுக விடுகிறார்கள். சதை கரைந்த பிறகுதான் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தை எழுத்தில் தர முடியாது, தரவும் விரும்பவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கொண்டச்சி. வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்பியிருந்தது. குடிதண்ணீர் உள்நாட்டுக் குளத்திலிருந்து வண்டியில் வருகிறது, குடம் நான்கு சதம். பிறக்கிராசியார் வீட்டு அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். தரகர் கடிதம் கொடுத்திருந்த ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், தன் கொட்டிலில் எனக்குப் பாய் போட்டுத் தந்தார். நல்ல மீனும் சோறும் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று படகுகள் கரையேறியபோதுதான் சம்மாட்டியின் படகில் வந்த எருக்கலம்பிட்டிக் காதரையும் செய்யதுவையும் பார்த்தேன். காதர் குளியாள், காலைக் கல்லில் வைத்துக் கடலுக்குள் இறங்குகிறவர். செய்யது மேலே கயிறு பிடிக்கிறவர், காதரின் மனைவிக்கு அண்ணன். மனைவியின் சகோதரன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மச்சானுக்குத் தன்மீது பாசமில்லை, தங்கச்சி விதவையாகிவிடக் கூடாதென்ற பயம்தான் என்று காதர் கேலி செய்தார். செய்யது சிரிக்கவில்லை. தான் கயிறு பிடிக்கும் விதத்தை எனக்கு விளங்கப்படுத்தினார்.

"அவர் கீழை போனால் நானும் மூச்சை அடக்குவன், முதலாளி. எனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும், உடனை இழுத்துப்போடுவன். அவர் கயிறை அசைக்கட்டும் எண்டு காவல் நிக்கிறேல்லை. மயங்கின ஆள் என்னெண்டு அசைக்கிறது?"

செவ்வாய்க்கிழமை காலை சம்மாட்டி ஒரு முத்தைக் காட்டினார். மெல்லிய ரோசா ஓடிய வெள்ளை, பயறளவு, உருட்டில் ஒரு குறையும் இல்லை. சில நாளுக்கு முன் அவருடைய படகில் வந்த சிப்பியில் இருந்ததாம். நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கினேன். தோட்டுக்கு இன்னொன்று வேண்டுமே. ஒரு பாரில் விளைகிற முத்துக்கு ஒரு நிறம், அதே பாரில்தான் சோடி கிடைக்கும் என்றார் சம்மாட்டி. கடலடியில் சிப்பி விளையும் திட்டைத்தான் பார் என்கிறார்கள். அந்தப் பாரில் குளிப்பு புதன்கிழமையோடு முடிகிறது, பிறகு அரசாங்கத் துரைமார் படகுகளை வேறு பாருக்கு மாற்றிவிடுவார்கள். காதரின் பை நாளை வந்ததும் அழுக விடாமல் கத்தியால் திறந்து பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

மாலை ஐந்தரை மணிக்குக் காதர் கொட்டில் வாசலில் வந்து நின்றார். செய்யதுவுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். தான் நாளைக்கு இறங்கவில்லை, மச்சான் எழும்பட்டும் என்றார். சம்மாட்டி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த ரோசா நிறம்தான் கண்ணுக்குள் நின்றது.

"கயிறு பிடிக்க வேறை ஆள் இல்லையோ?" என்று கேட்டேன்.

தேத்தண்ணிக் கடையில் இன்னொரு குவளை இருக்கிறதா என்று கேட்பதைப் போலக் கேட்டேன். ஆள் இருக்கிறது, நல்ல பலசாலி என்று சம்மாட்டி உடனே சொன்னார். இறங்க மறுத்துப் படகில் இடம் போனால், காதருக்கு அந்த வருடம் வேறு படகில் இடம் கிடையாது. காதர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் படகுகள் வந்தன. எங்கள் சம்மாட்டியின் படகில் மட்டும் கொடியை இறக்கியிருந்தார்கள். காதரைப் பாய்மரத் துணியில் கிடத்தியிருந்தார்கள். காதிலும் மூக்கிலும் இரத்தம் காய்ந்திருந்தது. புதிதாகக் கயிறு பிடித்தவன் கரையில் மூட்டை சுமக்கிறவன். அசைத்தால் இழு என்று சொல்லியிருந்தார்கள். அவன் வஞ்சகமில்லாமல் அசைவுக்காகக் காத்திருந்திருக்கிறான். சிப்பிப் பை நிறைந்து முன்னமே மேலே வந்துவிட்டது, ஆளின் கயிறு மட்டும் அசையவில்லை. கையில் சுற்றிய கயிற்றை அவிழ்க்காமலே அவன் மணலில் இருந்து அழுதான். "இழுக்கச் சொல்லேல்லையே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

பொழுது படுமுன் அடக்கம் செய்தார்கள். நான் மனம் கொள்ளாமல் சிப்பி எண்ணும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். கயிறு பிடிக்கிறவர் யார், பழக்கமானவரா என்று யாராவது பார்ப்பதுண்டா என்று அங்கிருந்த கிளாக்கரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கதிரை தந்து இருத்தினார். சிப்பி எண்ண ஆள் இருக்கிறது, களவு பிடிக்கப் பொலிஸ் இருக்கிறது, வாந்திபேதி பார்க்க டாக்டர் இருக்கிறார், கயிறு சம்மாட்டியின் பாடு என்றார். சம்மாட்டியிடம் கேட்டால், காதர் ஒத்துக்கொண்டுதானே போனான் என்றார். ஆளுக்கு ஆள் தள்ளிவிட இடமிருந்தது. நான் யாரிடம் தள்ளுவது? கேட்டது என் வாய்.

காதரின் கடைசிப் பையில் வந்த சிப்பிகளைச் சம்மாட்டி சொன்னபடி கத்தியால் திறந்தார். மணல் போன்ற பொடி முத்துகள் சில இருந்தன. வேறொன்றும் இல்லை.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கந்தையா வண்டி பூட்டினார். நான் ஏறும் நேரம் செய்யது போர்வையோடு மெல்ல நடந்து வந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கடை படகிலை வந்த முத்தொண்டு உங்களிட்டை இருக்கெண்டு சொன்னவை. ஒருக்காக் காட்டுறீங்களோ, முதலாளி? நாங்கள் சிப்பியைக் கண்டனாங்கள். உள்ளுக்கு இருக்கிறதை ஒருநாளும் கண்டதில்லை."

பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெயிலுக்குத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்னனோ?" என்றார்.

திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்களே வைத்திருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தோணித்துறை வரும்வரை நானும் கந்தையாவும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வத்தையில் இருந்தபோது பலமுறை மூச்சை அடக்கிப் பார்த்தேன். அறுபது எண்ணுமுன் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

ஊர் திரும்பி நான்காம் நாள் பிறக்கிராசியாரின் மனைவி வந்தார். சோடி கிடைக்கவில்லை என்றேன். பரவாயில்லை, பதக்கத்தில் வைக்கலாம் என்று முத்தை விரலில் உருட்டிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு பழைய குறும்போடு, "நேரிலை பார்த்துத்தானே வாங்கினது?" என்று கேட்டார்.

இருபது வருடம் பொய்யாக இருந்தபோது வழுக்கிக்கொண்டு வந்த சொல், மெய்யான அன்று பாதிதான் வந்தது.

"ஓம் அம்மா, பார்த்தனான்" என்றேன்.

எதைப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் முத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.