சூசை மாமா விழுந்த தண்ணீர்

சூசை மாமா விடுப்பில் வந்தால் மத்திகிரியில் எங்கள் வீடு முழுக்க எஞ்சின் எண்ணெய் வாசனை அடிக்கும். என் அத்தை ரோசம்மாவின் கணவர் அவர். பம்பாயிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பலில் வேலை. ஐம்பதுகளில் ஓர் ஆனி மாதம், மேற்குக் கடலில் அவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாகத் தந்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. கோயிலில் பூசை வைத்தார்கள். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்ற அத்தைக்கு ஓர் இடமில்லை. "மண்ணுல வெச்சிருந்தா போயி ஒக்காந்து அழுதுட்டாவது வருவேன்" என்று சொல்லிக்கொண்டே, பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. என் பூகோளப் படப் புத்தகத்தில் கடலுக்குள் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருக்கும்; கடல் நீர் ஓடும் திசைகள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களுக்கான படத்தில், மேற்குக் கடலின் அம்புகளை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். அவை கன்னியாகுமரிக்குக் கீழே வந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, நம் பக்கத்துக் கடலுக்குள் நுழைந்தன.

"அத்தே, மாமா விழுந்த தண்ணி நம்ம மெட்ராஸ் கடல் பக்கந்தான் வருது."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தை தடுத்தாள். "இருண்ணா. பாப்பா, எந்த வழியா வருதுன்னு இன்னொருக்கா காட்டு."

அன்று எத்தனை முறை காட்டினேனோ.

அத்தையின் பிடிவாதம் தாங்காமல், காலாண்டு விடுமுறையில் அப்பா எங்களை அழைத்துப்போனார். கிருஷ்ணகிரிக்குப் பஸ், பிறகு சாமல்பட்டியில் ரயில். நாங்கள் மூவருமே அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. அத்தை முழங்கால் ஆழத்தில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு, "இம்மாந்தூரம் வந்துட்டீங்களா" என்றாள். வெகுநேரம் அழுதாள். பிறகு மணலில் வந்து உட்கார்ந்து, "பசிக்குதுண்ணா" என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கல்லூரியில் படித்தபோதுதான், வாடைக்காற்று தொடங்கியதும் அந்த ஓட்டம் திசை மாறி, நம் கடல் நீர் மறுபடி மேற்கே போய்விடும் என்று தெரிந்தது. தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"போவட்டும் பாப்பா. அந்த மனுசன் என்னைக்கு ஒரே எடத்துல இருந்தாரு?"

இன்று அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. நாங்கள் இருந்த இடத்தில் கம்பெனி ஆட்களுக்கான வாடகை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சென்னைக்குப் போனால் கடலில் கால் நனைக்காமல் நான் திரும்புவதில்லை. மாமா இங்கே இருக்கும் மாதமா, மேற்கே போய்விட்ட மாதமா என்று பார்ப்பதில்லை.